ஏழாம் நாற்காலிக்காரர் சொன்னது

ஜூன் 4

சின்னவளே,

போனில் இரண்டு தடவை என்னைப் பாதியில் வைத்துவிட்டாய். "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாரு அக்கா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது மேஜை மேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானிடம் பேசினேன். மூன்றாவது கீமோ முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சாப்பாடு இறங்குகிறதா, வாயில் புண் வந்ததா, காய்ச்சல் உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். ஈரல் பரிசோதனையில் எண் ஏறியிருக்கிறதாமே, என்ன காரணமாம் என்றேன். "அந்தப் பொடியாலயா இருக்கும்னு சின்னவ சந்தேகப்படறா" என்றார், பால் வாங்கி வைத்துவிட்டேன் என்று சொல்வதைப் போல. எந்தப் பொடி என்று கேட்டேன். "அதெல்லாம் சின்னவளுக்குத் தெரியும்மா, விடு" என்றார்.

விடு என்றால் விட்டுவிட வேண்டுமா? பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக அவருக்குப் பெண்டாட்டி. நீ வேலை பார்க்கும் அந்த வார்டில் உனக்கு ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தது நான். இப்போது கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் உட்கார்ந்துகொண்டு, என் புருஷன் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதை உன்னிடம் விண்ணப்பம் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே வேலைக்குக் கையெழுத்துப் போடும்போது, ஆபரேஷனோடு எல்லாம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் அத்தானும் "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றுதான் அனுப்பினார். ஏப்ரலில் ஸ்கேனில் மறுபடி தெரியும் என்று யார் கண்டது? ஒரு வருஷம் முடியாமல் இங்கிருந்து நகர முடியாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவர், "சின்னவ வர்றது செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுடும்" என்று சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, காது கூர்மை. நானும் சிரித்தேன். ஆனால் என் செருப்புச் சத்தத்தைப் பற்றி இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நினைத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

என்ன பொடி, யார் கொடுத்தது, எத்தனை நாளாக, ஏன் என்னிடம் சொல்லவில்லை? நாலுக்கும் பதில் எழுது.

உன் அக்கா


ஜூன் 10

அக்கா,

நீ கேட்ட நாலு கேள்வியில் மூன்றுக்குத்தான் பதில் எழுத முடியும். அதுவும் அத்தானைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். முறைக்காதே. என் வார்டில் ஏழாம் நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொள்ளும்போது அவர் எனக்கு அத்தான் இல்லை, நோயாளி. சொந்தக்காரருக்கு நான் பார்க்க வேண்டாம், வேறு ஆளைப் போடுங்கள் என்று தலைமை நர்ஸிடம் முதல் நாளே சொன்னேன். "ஆள் எங்கம்மா இருக்கு? இங்க இருக்கற வரைக்கும் நர்ஸா இரு, வீட்டுல போய் மச்சினியா இரு" என்றுவிட்டார். அப்படித்தான் இருக்கப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவர் படித்துப் பார்த்தார். இரண்டு வரியை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

பொடி ஒரு மூலிகைக்காரர் கொடுத்தது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. காலையில் ஒரு ஸ்பூன், சாயந்திரம் ஒரு ஸ்பூன். ஆபரேஷனுக்கு முந்தின வாரத்திலிருந்து சாப்பிடுகிறார். நடுவில் நிறுத்தி, ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதுதான் உன்னைக் குடைகிறது என்று தெரியும். மூன்றாவது கீமோ அன்றைக்கு மருந்து ஏற ஆரம்பித்ததும் நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். "இங்க வர்றவங்கள்ல நிறைய பேரு நாங்க குடுக்கற மருந்தோட வேற ஏதாவதும் சேத்து எடுத்துக்கறாங்க. சில பேரு சொல்லுவாங்க, சில பேரு திட்டுவோம்னு பயந்து சொல்ல மாட்டாங்க. நீங்க என்ன எடுத்துக்கறீங்க?" அவர், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "திட்ட மாட்டியே?" என்றார். திட்ட மாட்டேன், ஆனால் மருந்துக் கடைக்காரரிடமும் டாக்டரிடமும் காட்டியாக வேண்டும், அதற்கு நீங்கள் சரி என்று சொல்ல வேண்டும் என்றேன். கருவிப் பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து, திருப்புளிகளுக்கு நடுவிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

நம் ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டார். அதில் நாலைந்து வேரும் ஒரு பட்டையும் இருக்கின்றனவாம். வேர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பட்டை ஈரலுக்குப் பாரம், கீமோவும் ஈரலுக்குப் பாரம், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சரியாகச் சொல்ல முடியாது என்கிறார். அதை அப்படியே அத்தானிடம் சொன்னேன். மூலிகைக்காரர் நாடி பிடிக்கிறாரா, பிடிக்கட்டும். காலை அமுக்கிவிடுகிறாரா, விடட்டும். பொடியை மட்டும் கீமோ முடிகிறவரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். "யோசிக்கறேன்" என்றார்.

பயப்பட வேண்டியது வேறு இருக்கிறது. நாலாவது கீமோவுக்குப் போகாதே, உடம்பு சுத்தமாகட்டும் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அத்தான் நடுவில் நிற்கிறார். நாலாவது இருபதாம் தேதி, வியாழக்கிழமை. அதுவரை அவரைத் திட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கு ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தேன் என்று இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்வாய் என்றும் கேட்க ஆசைதான். அதை இன்னொரு நாள் கேட்கிறேன்.

சின்னவள்


ஜூன் 16

சின்னவளே,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். மருந்து அறையில் டார்ச் அடித்தும் பார்த்தேன். 'அன்னைக்கு அவ' என்ற இரண்டு வார்த்தைதான் தெரிந்தது. அந்த 'அவ' நான்தான். என்றைக்கு? என்ன செய்தேன்? என்னைப் பற்றி எழுதி, அவர் படித்து, நீ அடித்து, மூன்றாவதாக எனக்கு வருகிறது. என் கல்யாணத்துக்கு நான் மூன்றாம் ஆளா?

நன்றாகத்தான் வார்டு நடத்துகிறாய். முக்காலி போட்டு உட்கார்கிறாயாம், அனுமதி கேட்கிறாயாம். நாங்கள் எல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தோம். நாற்பது பேருக்கு ஒருத்தி. இங்கே பல் டாக்டராக இருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். மூட்டுவலிக்கு என்று இரண்டு கையிலும் செம்புக் காப்பு மாட்டிக்கொண்டு தோலெல்லாம் பச்சையாகி அரித்துக்கொண்டிருந்தார். நான் முக்காலி தேடவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன். தோல் ஆறிவிட்டது. அவர் மட்டும் இப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறார். படுக்கட்டும்.

திட்டாதே என்று எழுதியிருந்தாய். திட்டிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே கூப்பிட்டேன். அந்த ஆள் பித்தலாட்டக்காரன், நீங்கள் படித்த மனுஷன்தானே, நர்ஸ் வீட்டிலே இருந்துகொண்டு இப்படி ஒரு கூத்தா என்று கத்தினேன். பொட்டலத்தை இப்போதே தண்ணீரில் கொட்டுங்கள், சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்றேன். "பொடியா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றேன். அதற்கு அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, "நீதான் இங்க இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அங்கே இல்லை. நீ அங்கே இருக்கிறாய். பதினோரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியாதது, முக்காலி போட்டு உட்கார்ந்தவளுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாயாமே, எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். சட்டைக்குப் பட்டன்கூடத் தைத்தாயாமே. இன்னும் என்னென்ன செய்கிறாய் என்று எழுது. எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

உன் கடைசிப் பத்தியை ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாவது தடவை படித்தால் பதில் எழுத மாட்டேன். பட்டன் தைத்தேன். காலர் பட்டன். நோயாளிக்குக் கழுத்து மூடியிருக்க வேண்டும், சளி பிடிக்கக் கூடாது. இதைக் கடன்காரி மாதிரி உனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன் பார், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவர் வரவில்லை.

காலையில் ஏழாம் நாற்காலிக்குப் புது விரிப்புப் போட்டேன். அது ஜன்னல் ஓர நாற்காலி, எல்லாரும் கேட்பார்கள், கொடுக்கவில்லை. பதினொன்று வரைக்கும் வைத்திருந்தேன். தலைமை நர்ஸ் வந்து வேறு ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அவருக்கு ஊசி ஒரே குத்தில் இறங்கவில்லை. மூன்று தடவை குத்தினேன். மூன்று தடவை குத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். அத்தான் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. "உங்க அக்கா பொடியா நானான்னு கேட்டா. எனக்கு ரெண்டு பேரோடயும் மல்லுக்கட்டத் தெம்பு இல்ல. கொஞ்ச நாள் சும்மா இருக்கேனே" என்றார். சும்மா இருக்கக்கூடிய வியாதி இல்லையே இது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகலாம், அதற்கு மேல் போனால் இதுவரை போட்ட மூன்றும் வீணாகலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அப்புறம், "அடிச்ச ரெண்டு வரிய இப்ப எழுதிக்கோ. அவளுக்குத் தெரியட்டும்" என்றார். எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்காக அவர் அட்மிட் ஆன அன்றைக்கு வார்டில் டூட்டி நீ. படிவம் நிரப்பியதும் நீ. அன்றைக்கு அவர் சட்டைப்பையில் அந்தப் பொட்டலம் இருந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் பயந்து, உன்னிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் சொன்னால் பெண்டாட்டியாகக் கோபப்படுவாய், இங்கே நர்ஸாகக் கேட்பாய், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். நீ பேர் கேட்டாய், வயசு கேட்டாய், ஒவ்வாமை கேட்டாய். 'வேறு சிகிச்சை ஏதேனும்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் பேரை நீ எழுதுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று டிக் விழுந்திருந்தது.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன் அக்கா. அவர் பேர் கருப்பு மையில் இருக்கிறது. அந்த டிக் மட்டும் நீலம்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. அவர் பொட்டலத்தை எடுத்துக் காட்டியபோது எனக்குள் ஒரு குஷி வந்தது. அக்காவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று. சின்ன வயசிலிருந்து எல்லாமே உனக்குத்தான் முதலில். இது ஒன்று எனக்கு முதலில் வந்தது. உன்னிடம் அவரையே சொல்ல வைத்திருக்க வேண்டியவள் நான். அன்றைக்கே செய்யாமல், உன் போனையும் பாதியில் வைத்துவிட்டு, அந்தக் குஷியை வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாற்காலி காலியாக இருக்கிறது.

அந்த மூலிகைக்காரர் அவரிடம் என்ன கேட்பார் தெரியுமா? முக்கால் மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எதுக்குப் பயந்தீங்க?" என்று கேட்பாராம். நம் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

சின்னவள்


ஜூன் 30

சின்னவளே,

நேற்று உன் கடிதம் வந்தது.

டிக் நான் போட்டதுதான். காலை டீயோடு நாற்பது படிவத்தையும் பரப்பி வைத்துக்கொள்வேன். நீலப் பேனாவால் அந்தக் கட்டத்தில் நாற்பது 'இல்லை' போட்டுவிட்டுத்தான் டீயை முடிப்பேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஞாபகம் இல்லை. வேகமாக வேலை பார்க்கிறாள் என்று எனக்குப் பேர். அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்வார்கள், கதை கேட்க நேரம் இல்லை. அவர் படிவமும் அந்த நாற்பதில் ஒன்று. எத்தனை பேர் பையில் என்னென்ன வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்களோ! அதை நினைத்தால் மற்றவர்களுக்காக அழ வேண்டும். எனக்கு அவருக்காக மட்டும்தான் அழுகை வந்தது. நான் அவ்வளவுதான்.

உன்னைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினேன். உன் மேல் பொறாமை. உன் முக்காலி மேல், செருப்பு மேல். முகம் தெரியாத அந்த மூலிகைக்காரர் மேலும் பொறாமை. கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரமாம். நான் அவர் கையைப் பிடித்த நேரமெல்லாம் நாடித்துடிப்பு எண்ணத்தான் பிடித்திருக்கிறேன்.

இன்று காலை அவரைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். "உங்க படிவத்துல ஒண்ணு கேக்காம விட்டுட்டேன். இப்ப கேக்கறேன். திட்ட மாட்டேன், நடுவுல பேச மாட்டேன்" என்றேன். "இப்ப எதுக்கும்மா" என்றார். சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக.

அப்புறம் பேசினார். எதற்குப் பயந்தார் என்று சொன்னார். மயக்க மருந்தில் திரும்பி எழாமல் போய்விடுவோமோ என்று பயந்ததை, நான் விமானம் ஏறிய அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் வேலை செய்யும் கட்டடத்தில் லிஃப்டை மேலேயும் கீழேயும் ஓட்டிக்கொண்டிருந்ததை. ஐம்பது நிமிஷம் பேசினார். அந்த ஆள் நாற்பத்தைந்து, நான் ஐம்பது. எண்ணினேன். எண்ணாமல் இருக்க நான் என்ன தெய்வப் பிறவியா?

கடைசியில் எனக்கு இருக்கும் பயத்தை ஒரே ஒரு தடவை சொன்னேன். பட்டையைப் பற்றி மருந்துக் கடைக்காரர் சொன்னதை, தள்ளிப்போகும் வாரங்களைப் பற்றி டாக்டர் சொன்னதை. நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்ததுதான் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்த கஷ்டமான டூட்டி. "வியாழக்கிழமை பாக்கலாம்" என்றார். சத்தியம் ஒன்றும் வாங்கவில்லை. வருவாரா என்று எனக்குத் தெரியாது. விரிப்புப் போட்டு வை.

இன்னொரு விஷயமும் சொன்னார். மருந்து சம்பந்தப்பட்டதில்லை, உடம்பு சம்பந்தப்பட்டதும் இல்லை. இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு உனக்கு எழுதியிருப்பேன். சின்னவளிடம் சொல்லாதே என்றார். சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

வந்தார். வியாழக்கிழமை ஒன்பதே காலுக்கு, நான் இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவருகில் நின்று, "ஏழு காலியா இருக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொடி இரண்டு பொட்டலம் மிச்சம் இருந்ததாம். மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்து, பேர் எழுதி ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டார். கீமோ முடிந்ததும் யோசிக்கிறாராம். மூலிகைக்காரரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்குக் கோபம்தான், ஆனால் கை பிடிக்க வரலாம் என்றாராம். போவேன் என்கிறார் அத்தான். போகட்டும். ஈரல் எண் இன்னும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்துப் போட்டார். இனிமேல்தான் தெரியும், ஒன்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஊசி ஒரே குத்தில் இறங்கியது.

மருந்து ஏற ஆரம்பித்ததும் வழக்கம்போல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றேன். இல்லை என்றார். அத்தோடு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. "அக்காகிட்ட என்னமோ சொன்னீங்களாமே, அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். வார்டில் வைத்து, நர்ஸ் உடையில், இப்படிக் கேட்கக் கூடாது என்று புதிதாக வருகிற பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இரண்டு மாதத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. "அது அவளுக்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தூங்கியும்விட்டார்.

மருந்து இறங்கி முடிய மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் எனக்கு வயிறு எரிந்தது அக்கா. இதை வைத்துக்கொண்டு நீ ஒரு மாதம் எப்படி வேலைக்குப் போய் வந்தாய்?

சின்னவள்